துணைக் குரல்

பூபதி மைக்கில் "கோகிலா" என்று கூப்பிட்ட மறுநொடி, திரையில் அவளுடைய முதுகெலும்பின் இரண்டு பக்கமும் பனி இறங்கியது.

பனி என்றுதான் அந்த ஸ்கேன் அறையில் எல்லோரும் சொன்னார்கள். பார்வைக்கு அது ஒரு வெளிர் மஞ்சள் மூட்டம். டாக்டர் ரஹீமா நிறுத்தாமல் பேசச் சொல்லிக் கையைக் காட்டினார். பூபதி பேசினார். ஒன்றுமில்லை, பயப்படாதே, எல்லாப் பெண்களுக்கும் வருகிற சாதாரணக் கட்டிதான், எடுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது, அடுத்த மாதம் நாம் இரண்டு பேரும் ஊட்டிக்குப் போகிறோம். குரலில் ஒரு கல்யாண வீட்டையே கொண்டுவந்திருந்தார். பனி தடித்தது. இடுப்பிலிருந்து ஏறி, விலா ஓரமாகப் போய், கழுத்தில் கட்டிக்கொண்டு தோள்களில் வழிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த கோகிலாவின் உடம்பு, திரையில் இட்லித் துணியைப் போர்த்தியது மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் மைக்கை அணைத்தார்.

"உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சும் மனஸ்தாபமா சார்?"

பூபதி பழனியில் முடி இறக்கிய மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். பல்லடத்தில் அவருக்கு ஒரு பேக்கரி. தேங்காய் பன்னுக்கு அந்தப் பக்கத்தில் பேர் போனது. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகப்போகிறது. சண்டை என்றால் வருஷத்துக்கு ஒன்று வரும், தீபாவளி ஸ்வீட் ஆர்டரின்போது. அதுவும் கார்த்திகைக்குள் முடிந்துவிடும்.

"ஒண்ணுமில்லீங்க டாக்டர். அவ என்ற மேல உசுரையே வெச்சிருக்கறா. இப்பக்கூட நான் இத்தனை பேசினதுக்கு, அவ திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். சாப்பிட்டீங்களான்னு."

ரஹீமா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார்.

கோகிலாவுக்குத் தீட்டு நின்று மூன்று வருஷம் ஆனபிறகு திரும்ப உதிரம் பட்டது. பரிசோதனைக்குத் துணுக்கு எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கேன்சர் என்று வந்தது. முடிவு வந்த அன்றைக்கே பூபதி டாக்டர்களின் அறை அறையாக ஏறி இறங்கி, கையெடுத்துக் கும்பிட்டு, ஆபரேஷன் முடிகிறவரைக்கும் அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிவிட்டார். கட்டி என்று மட்டும் சொல்லவேண்டும். மகள் ஓவியா, மாப்பிள்ளை, சம்பந்தி வீடு, பேக்கரியில் மாஸ்டர் வரைக்கும் எல்லோருக்கும் இதே பாடம். ரஹீமாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் இதைக் கேட்டு வருகிற முதல் புருஷன் பூபதி இல்லை.

"பழைய ஸ்கேன்ல அரிசி அளவு இருந்தாத்தான் சார் கண்ணுக்குத் தெரியும்" என்றார் ரஹீமா. "இந்த மிஷின்ல கடுகைப் பத்தாப் பொளந்து ஒரு துண்டை எங்க ஒளிச்சு வெச்சாலும் தெரியும். நாங்க போடற மினுக்கு ஊசி, கேன்சர் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கிட்டு மினுங்கும். அதுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். மனுஷன் பயந்தா முதுகெலும்பு ஓரத்துல இருக்கற கொழுப்பு சூடாகும். மருந்து அங்கயும் போய் ஒட்டிக்கும். அதுதான் இந்தப் பனி."

"அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமுங்களே."

"அந்த ஓரத்தைத்தான் நான் பார்க்கணும். கர்ப்பப்பையை விட்டுக் கிளம்பற கேன்சர், நெறிகட்டற முடிச்சுகள் வழியா, முதுகெலும்பு ஓரமாத்தான் மேல ஏறும். ஏறியிருக்கா இல்லையான்னு பனிக்குள்ள எப்படிப் பார்க்கறது?"

மயக்க ஊசி போட்டுப் படம் எடுக்கலாமே என்று பூபதி கேட்டார். உடம்புதான் தூங்கும், பயம் தூங்காது என்று டாக்டர் சொன்னார். பயம் போக மாத்திரையும் கொடுத்தாகிவிட்டது. அதைக் கொடுத்தும் இந்த அழகு. அதனால்தான் துணைக் குரல் என்று ஒரு ஏற்பாடு. மருந்து உடம்பில் பரவுகிறவரைக்கும் மனசுக்கு வேண்டிய ஒருவர் மைக்கில் பேசுவார். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பேச்சிலேயே பனி விலகிவிடும்.

"விலகலைன்னா?"

ரஹீமா திரையில் கோகிலாவின் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "கர்ப்பப்பையோட நின்னிருந்தா திங்கக்கிழமை ஆபரேஷன். எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம். மேல ஏறியிருந்தா கத்தி வைக்கக் கூடாது, முதல்ல கடுமையான மருந்து. எதுவுமே தெரியலைன்னா, ஏறியிருக்குன்னு வெச்சுக்கிட்டுத்தான் நாங்க ஆரம்பிக்க முடியும். அவங்களுக்குச் சின்ன வயசுலயே இதயத்துல ஒரு வால்வு சரியில்லை. அந்த மருந்தை அவங்க தாங்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. இன்னும் ஒரு ஊசிதான் போடலாம். வெள்ளிக்கிழமை. அதுக்கு மேல உடம்பு ஏத்துக்காது."

அதாவது வெள்ளிக்கிழமைக்குள் கோகிலாவின் பயத்தைப் போக்கியாக வேண்டும். அதைப் போக்க முடியாத குரல்களில் முதல் குரல் அவளுடைய புருஷனுடையது.

ஓசூரிலிருந்து ஓவியா வந்து பேசிப் பார்த்தாள். ஊசி இல்லாமல், நாடியையும் தோல் சூட்டையும் வைத்து ஒத்திகை பார்க்கிற வசதி அங்கே இருந்தது. அப்பா பேசினால் ஏறுகிற பயத்தின் முள், மகள் பேசினாலும் ஏறியது. கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். கோகிலாவுக்குப் பிடித்த பாட்டெல்லாம் போட்டார்கள். அவளே போதும் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அந்த மிஷின் கோயமுத்தூருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் அது பிடித்துக் கொடுத்த கேன்சர்களைவிட, பிரித்துவைத்த குடும்பங்கள் அதிகம் என்று வெளியே ஒரு பேச்சு. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவரின் குரலுக்கு வராத தெளிவு, அவர் மனைவியின் பள்ளிக்கூடச் சிநேகிதிக்கு வந்ததாம். மனிதர் அன்றைக்கே தனி வண்டியில் வீட்டுக்குப் போனாராம். ஒரு மருமகளுக்கு மாமியார் பேசியதும் பனி பறந்துவிட்டது. இது வெளியே தெரிந்தால் எங்கள் தெருவில் யார் நம்புவார்கள் என்று மாமியாரே அழுதாராம். கல்யாணத்துக்கு முன்னால் பையனைப் பேசவைத்துப் பெண்ணுக்கு ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாமா என்று கேட்டு ஒரு தரகர் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டார். சண்டைகளைச் சமாளிக்க முடியாமல் நிர்வாகம் ஒரு விதி போட்டது. உள்ளே படுத்திருப்பவர் பேசுவது, துணைக்கு வந்தவரின் காதில் மாட்டிய கருவிக்கு மட்டும்தான் கேட்கும். டாக்டருக்குக்கூடக் கேட்காது.

பூபதி இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரித்தவர்தான். இப்போது தன் கதையும் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். அது போகட்டும். தன் குரலைக் கேட்டு அவள் ஏன் பயப்படுகிறாள்? அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரி குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதார்.

மறுநாள் ரஹீமா அவரைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க பேசினதையும் உங்க பொண்ணு பேசினதையும் திருப்பிப் போட்டுக் கேட்டேன் சார். ரெண்டு பேரும் ஒரே வார்த்தை. சாதாரணக் கட்டி, எல்லாருக்கும் வர்றது, ஊட்டி. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கற மாதிரி இருக்கு. எனக்கே கேட்டா சந்தேகம் வருது. இந்தப் பாடம் படிக்காத ஒரு ஆள் உங்க குடும்பத்துல இல்லையா? விஷயமே தெரியாதவங்க?"

எல்லோருக்கும் அவர்தான் போன் போட்டுச் சொன்னார். போன் போடாத வீடு ஒன்றே ஒன்றுதான்.

காங்கேயத்தில் இருக்கிற அக்கா வளர்மதி. பூபதியின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள். கொங்குப் பக்கத்தில் அந்தச் சீரைக் கூடப்பிறந்தவள் செய்யாமல் மாப்பிள்ளை மணவறைக்குப் போக முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓவியா கல்யாணத்துக்கு, அந்த அக்காவுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் கொடுக்கவேண்டிய பத்திரிகை, வாட்ஸ்அப்பில் போனது. வேலை நெருக்கடியில் ஊருக்கெல்லாம் அனுப்பிய கோகிலா, அந்த வரிசையில், நங்கை என்று தான் கூப்பிடுகிற நாத்தனாரையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். வளர்மதி பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினாள். கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

பூபதி வாடகைக் காரில் காங்கேயம் போனார். டிரைவர் இல்லாத அந்தக் கார் வழியெல்லாம், நீங்கள் கவலையாக இருக்கிறீர்கள், பாட்டுப் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தது. அவிநாசிபாளையம் தாண்டியதும் அதன் வாயை அடைத்தார்.

அக்கா தேங்காய்க் களத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் பாதி பாதியாகக் கவிழ்ந்து கிடந்த கொப்பரைகளுக்கு நடுவே, தலையில் துண்டோடு. தம்பி வருவதைப் பார்த்ததும் அவன் கையைத்தான் பார்த்தாள்.

"பத்திரிகை கொண்டாந்தியா?"

இல்லை என்றார்.

"மொட்டை எதுக்கு?"

விஷயத்தைச் சொல்லாமல் கூட்டிவரும்படிதான் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பூபதிக்கு அது முடியவில்லை. களத்து ஓரம் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வளர்மதி தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். திரும்பக் கட்டினாள். திரும்ப அவிழ்த்தாள்.

"எத்தனை மாசமாடா?"

"ரெண்டு."

"ரெண்டு மாசமா அந்தப் புள்ளகிட்ட இதைச் சொல்லாம ஊரையே கூட்டி வெச்சு நாடகம் போடறீங்களா."

"அவ தாங்க மாட்டாக்கா. நீயும் அதையே சொல்லு. சாதாரணக் கட்டின்னு. உன்ற கால்ல வேணும்னாலும் விழறேன்."

வளர்மதி களத்து ஆட்களிடம் மழை வந்தால் எதை மூடவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"நான் வர்றேன். ஆனா என்ன பேசோணும்னு எனக்கு நீ சொல்லித் தராத."

வெள்ளிக்கிழமை காலையில் ஊசி போட்டு, கோகிலாவை உள்ளே படுக்கவைத்தார்கள். திரையில் பனி அதற்குள் கட்டத் தொடங்கியிருந்தது. வளர்மதி காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மைக்கைக் கொப்பரையைச் சோதிக்கிற மாதிரி ஒரு தட்டுத் தட்டினாள்.

"நான் வளர்மதி பேசறேன். தெரியுதா, மறந்து போச்சா?"

உள்ளே கோகிலாவின் கால் விரல்கள் அசைந்தன. டாக்டர் ரஹீமா முன்னால் குனிந்தார்.

வளர்மதி நலம் விசாரிக்கவில்லை. நேராகப் பத்திரிகைக்குப் போனாள். ஆறு வருஷம் சேர்த்துவைத்ததை எடுத்து வைத்தாள். மண்டபத்தில் அத்தை எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது நீ என்ன சொன்னாய், முட்டிவலி என்று சொன்னாயாமே, எனக்கு எந்த முட்டியில் வலி, இன்றைக்கும் தேங்காய் மூட்டை தூக்குகிற முட்டி இது. பூபதி தலையில் கைவைத்துக்கொண்டார். ரஹீமா அவர் முழங்கையைத் தொட்டுத் திரையைக் காட்டினார். கழுத்துப் பக்கம் பனி லேசாக இளகியிருந்தது.

இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவளிடம் ஒரு ஆள் சாதாரணமாகப் பேசுகிறது.

பிறகு வளர்மதி நிறுத்தினாள். காதுக் கருவியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள். கோகிலா ஏதோ பேசுகிறாள் என்பது கண்ணாடி வழியே உதட்டசைவில் தெரிந்தது. நீளமாகப் பேசினாள். வளர்மதியின் முகத்திலிருந்து சண்டை மெல்ல இறங்கிப் போனது. திரும்பித் தம்பியைப் பார்த்தாள். ஏதோ புது ஆளைப் பார்ப்பது போல, மொட்டைத் தலையிலிருந்து செருப்பு வரைக்கும்.

பூபதி கைகூப்பினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"ஆமா புள்ள. கேன்சர்தான்."

பூபதி மைக்கைப் பிடுங்கப் பாய்ந்தார். ரஹீமா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். திரையில் பனி ஒரு துள்ளுத் துள்ளியது. தோளிலிருந்து இடுப்புவரை கெட்டியாக இறுகியது. அவ்வளவுதான், போயிற்று என்று அவர் நினைத்தார்.

"குறுக்க பேசாத, முழுசாக் கேளு" என்றாள் வளர்மதி. "கேன்சர் உனக்குத்தான். கர்ப்பப்பையில. கட்டின்னு சொன்னது பொய். வேற ஆருக்கும் ஒண்ணுமில்ல. கேட்டியா? ஆருக்கும் ஒண்ணுமில்ல. என்ற தாலி மேல சத்தியம்."

உள்ளே கோகிலா ஒரு கேள்வி கேட்டாள். சின்னக் கேள்வி. வளர்மதி "ஆமா, உனக்கு மட்டுந்தான்" என்று மறுபடியும் சொன்னாள்.

பனி விலகியது. காலையில் வாளையாறு பக்கம் மலை வெளியே வருவது போல, முதலில் தோள், பிறகு விலா, பிறகு முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாக. இந்த ஒரு வருஷத்தில் இப்படி ஒரு தெளிவை ரஹீமா பார்த்ததில்லை. "இனி பேச வேண்டாம்" என்று வளர்மதிக்குச் சைகை காட்டிவிட்டுப் படத்தை ஓடவிட்டார். அறையில் மிஷினின் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. பூபதி சுவரோடு சாய்ந்து, கண்ணை இறுக மூடி நின்றார்.

"சார், இங்க வந்து பாருங்க."

கர்ப்பப்பைக்குள் ஒரு பிரகாசமான புள்ளி. அதற்குப் பக்கத்தில், இடுப்பெலும்புக்குள்ளேயே, ஊசிமுனை அளவுக்கு இன்னொன்று.

"இது ஒரு முடிச்சு. பக்கத்து வீடு வரைக்கும் போய் நின்னிருக்கு. இதையும் திங்கக்கிழமையே எடுத்துடலாம். பழைய ஸ்கேன்ல இது தெரிஞ்சே இருக்காது, விட்டுட்டு வந்திருப்போம்." ரஹீமாவின் விரல் முதுகெலும்பு ஓரமாக மேலே போனது. அங்கே இருட்டு. இன்னும் மேலே. இருட்டு. கழுத்துவரைக்கும் நல்ல, சுத்தமான இருட்டு. "மேல ஏறல சார்."

பூபதி நாற்காலியில் உட்கார்ந்தார். அழுது முடிக்கிறவரைக்கும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க" என்றார் பிறகு. "கேன்சர்னு சொன்னதும் பயம் ஏறத்தானே வேணும்? எப்படிங்க போச்சு?"

எனக்கும் தெரியவில்லை என்று ரஹீமா ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் வளர்மதியைப் பார்த்தார்கள். அவள் காதுக் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அவ என்ற கிட்டக் கேட்ட முத கேள்வி என்ன தெரியுமாடா? 'நங்கை, நீங்களாச்சும் நிசத்தைச் சொல்லுங்க. அவருக்கு டாக்டருங்க எத்தனை நாள் சொல்லியிருக்காங்க?' "

"ஆருக்கு?"

"உனக்குத்தான்."

பூபதியின் கை மொட்டைத் தலைக்குப் போனது.

"டாக்டரம்மா தனியாக் கூப்பிடறது உன்னை. உள்ள போய்ட்டு அழுதுட்டு வர்றது நீ. சோறு எறங்காம பாதியாப் போனது நீ. பழனிக்கு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டது நீ. அவளுக்கு வெறும் கட்டி, பயப்பட ஒண்ணுமில்லைன்னு எல்லாருமாச் சேர்ந்து சொல்லியாச்சு. அவ அதை நம்பிட்டா. கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வந்திருக்கோம்னு அப்ப அவ என்ன நெனப்பா? உனக்கு வைத்தியம் பார்க்க வந்ததாத்தான். அவ ஸ்கேன் ஒரு சாக்குன்னு. ரெண்டு மாசமா உன்ற குரலைக் கேக்கறப்ப எல்லாம், இன்னும் எத்தனை நாளைக்கு இது கேக்கும்னு எண்ணிக்கிட்டுக் கெடந்திருக்கா."

டாக்டர் ரஹீமா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சற்று நேரத்தில் கோகிலாவை வெளியே ஓய்வறைக்குக் கொண்டுவந்தார்கள். காலையிலிருந்து பட்டினி. வளர்மதி காங்கேயத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்த, இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகையைத் தட்டில் வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பேச்சு வேறு, இது வேறு, பத்திரிகை பாக்கி இன்னும் இருக்கிறது என்று சொல்லியே கொடுத்தாள். கோகிலா மண்டபத்துக்கே வராத நாத்தனாரிடம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரி கவுனும் கையில் பிளாஸ்திரியுமாக, ஏதோ ஒறம்பரை வீட்டு விருந்துக்கு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

பூபதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னார். ஒரு முடிச்சு மட்டும்தான், மேலே ஏறவில்லை, திங்கட்கிழமை ஆபரேஷன். இந்த முறை ஊட்டி வரவில்லை. கேன்சர் என்ற வார்த்தையை இரண்டு இடத்தில் திக்கிச் சொன்னார்.

கோகிலா கேட்டு முடித்தாள். தட்டைக் கீழே வைத்தாள். அவருடைய கையை எடுத்து, நாடி பிடிக்கிறவள் மாதிரி மணிக்கட்டை அழுத்திப் பார்த்தாள்.

"நிசமா உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்ல சாமி. பசி மட்டுந்தான்."

அவள் அந்தக் கையை விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பயமா இருக்குதா?"

"ம். இப்பத்தான் வருதுங்க" என்றாள் கோகிலா. "வந்தா வரட்டும். படம் எடுத்தாச்சுல்ல."